சோற்றுக்குப் பதில் சாமை சாப்பிட்டா எடை குறையுமா? 'லோ கார்ப்' டயட்டின் லாபம் என்ன, ஆபத்து என்ன? முழு விளக்கம்

"அரிசியைத் தொடாதீங்க, ஒரே மாசத்துல எடை இறங்கும்." யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டா ரீல்ஸ் எதைத் திறந்தாலும் இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டுவிடுகிறது. ஒரு பக்கம் பேலியோ, கீட்டோ என்று தானியத்தையே ஒதுக்கச் சொல்பவர்கள். இன்னொரு பக்கம் "அரிசி வேண்டாம், சாமை, தினை, வரகுக்கு மாறுங்க" என்பவர்கள்.

இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் என்று நினைத்து, சாமைச் சோற்றை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு "நான் லோ கார்ப்ல இருக்கேன்" என்று சொல்பவர்களும் நிறைய. உண்மையில் இந்த இரண்டும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தோடு சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் விஷயம் மருத்துவமனை வரை போகலாம்.

லோ கார்ப் என்றால் என்ன, அது வேலை செய்யுமா, யாருக்கு ஆகாது, ஜவ்வாது மலைச் சாமைக்கு இதில் என்ன இடம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜவ்வாது மலைக்கும் டயட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. பீமா நீர்வீழ்ச்சி, காவலூர் வானியல் ஆய்வகம் என்று சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமான இடம். திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்கு ஜமுனாமரத்தூர்தான் தலைமையிடம். திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல் போன்ற மலைக் கிராமங்கள் இருக்கின்றன.

இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துவிட்டுக் கேரளாவோடு சேர்த்துவிட வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி வரலாறு.

இந்த மலையின் முக்கியமான தானியம் சாமை. மழையை நம்பி விளையும் மானாவாரிப் பயிர். சரிவான நிலம், குறைந்த தண்ணீர், பெரிதாக உரம் வேண்டாம். சாமையோடு கேழ்வரகு, கொள்ளு, அவரை, மொச்சை போன்றவையும் மலைக்காட்டு விவசாயத்தில் வழக்கமானவை. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. அங்கிருந்து 'ஏ.டி.எல். 1' என்ற சாமை ரகமும் வெளியாகியிருக்கிறது.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்கு முன்பே நகரத்துக் கடைகளில் சாமைக்கு மவுசு ஏறத் தொடங்கிவிட்டது. மலையில் அன்றாடச் சோறாக இருந்த தானியம், சமவெளியில் 'டயட் உணவு' என்ற பெயரில் விற்பனையாகிறது. இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். மலைக் கிராமங்களின் அடுப்பிலும் அரிசிச் சோறு ஏறிவிட்டது. அங்கே சாமையிலிருந்து அரிசிக்கு மாறினார்கள், இங்கே அரிசியிலிருந்து சாமைக்கு மாறுகிறோம்.

லோ கார்ப் என்றால் எவ்வளவு கம்மி?

நாம் சாப்பிடும் உணவில் ஆற்றல் தருபவை மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. அரிசி, கோதுமை, சிறுதானியம், கிழங்கு, சர்க்கரை, பழம் இவற்றில் இருப்பதில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஆங்கிலத்தில் கார்போஹைட்ரேட். அதைச் சுருக்கித்தான் 'கார்ப்' என்கிறோம்.

மருத்துவ ஆய்வுகளில் பொதுவாகப் பயன்படும் கணக்கு இது:

- ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து, அதாவது மொத்தக் கலோரியில் சுமார் 26 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'லோ கார்ப்'.
- 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தினால் 'கீட்டோ'.
- 26 முதல் 45 சதவீதம் வரை என்றால் 'மிதமான குறைப்பு'.

நாம் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம்? ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. 1.21 லட்சம் பேரைக் கொண்ட ஆய்வு. அதன்படி இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் வெறும் 12 சதவீதம்தான்.

அதாவது, "நாம சோறு அதிகமாத்தான் சாப்பிடறோம்" என்ற புகாரில் உண்மை இருக்கிறது. குறைக்க வேண்டும் என்பதில் நிபுணர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. எவ்வளவு குறைப்பது, அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் கேள்வியே.

இது புதுசா? இல்லவே இல்லை

1863-ல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தவிர்த்து சுமார் 20 கிலோ குறைந்ததாக அதில் எழுதினார். புத்தகம் பரபரப்பாக விற்றது.

1921-ல் அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் 'கீட்டோஜெனிக்' உணவு முறையை முன்மொழிந்தார். எடை குறைக்க அல்ல, வலிப்பு நோய்க்கு. மருந்துக்குக் கட்டுப்படாத குழந்தைகளின் வலிப்புக்கு இன்றும் மருத்துவர் கண்காணிப்பில் இது கொடுக்கப்படுகிறது. 1972-ல் டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் மறுபடி இந்த அலையைக் கிளப்பியது.

தமிழில் இந்த அலை 'பேலியோ' என்ற பெயரில் வந்தது. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' புத்தகமும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும் இதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. காலையில் 100 பாதாம் அல்லது பட்டர் டீ, மதியம் முட்டையும் காய்கறியும், ராத்திரி சிக்கன் அல்லது பனீர் என்ற மெனு இன்று பலருக்கும் மனப்பாடம்.

ஏன் இவ்வளவு வரவேற்பு? 2023-ல் வெளியான இண்டியாப் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். வீட்டுக்கு ஒருவராவது சர்க்கரை மாத்திரை போடும் ஊரில், "மாத்திரையை விட்டுடலாம்" என்று சொல்லும் டயட்டுக்குக் கூட்டம் சேரத்தானே செய்யும்?

எடை எப்படிக் குறைகிறது?

நாம் சாப்பிடும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. உடனே தேவைப்படாத குளுக்கோஸில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசையிலும் 'கிளைகோஜன்' என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. சராசரியாக 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

சோற்றை நிறுத்தியதும் உடம்பு முதலில் இந்தச் சேமிப்பைக் காலி செய்கிறது. கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் தராசு முள் சட்டென்று 1, 2 கிலோ இறங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம். கொழுப்பு கரைந்தது கொஞ்சம்தான். மறுபடி சோறு சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் எடை அப்படியே திரும்பி வரும். "ஒரு கல்யாணச் சாப்பாட்டுல 2 கிலோ ஏறிடுச்சு" என்று பதறுவதும் இதனால்தான்.

அடுத்த கட்டத்தில் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. மாவுச்சத்து மிகவும் குறைந்தால் கல்லீரல் கொழுப்பிலிருந்து 'கீட்டோன்' என்ற பொருளைத் தயாரிக்கும். மூளையும் இதயமும் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்ளும். இதைத்தான் 'கீட்டோசிஸ்' என்கிறார்கள்.

புரதம் அதிகமானால் பசி அடங்கும். பிஸ்கட், முறுக்கு, சர்க்கரை போட்ட டீ எல்லாம் தானாகவே நின்றுபோகும். மொத்தக் கலோரி குறையும். எடை குறைவதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

ஆனால் கலோரி இங்கேயும் ஒளிந்திருக்கும். 100 பாதாமில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. 50 கிராம் வெண்ணெயில் சுமார் 360 கலோரி. "கார்ப் இல்லையே" என்று அளவில்லாமல் சாப்பிட்டால் எடை குறையாது.

சரி, சாமை லோ கார்பா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருட்களின் சத்து அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில்:

- சாமை: மாவுச்சத்து சுமார் 65 கிராம், புரதம் சுமார் 10 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல்.
- கேழ்வரகு: மாவுச்சத்து சுமார் 67 கிராம், புரதம் சுமார் 7 கிராம், நார்ச்சத்து சுமார் 11 கிராம்.
- தீட்டிய வெள்ளை அரிசி: மாவுச்சத்து சுமார் 78 கிராம், புரதம் சுமார் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்குள்.

ஒரு ஆள் ஒரு வேளைக்கு 75 கிராம் தானியம் போட்டுச் சமைப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசி என்றால் சுமார் 59 கிராம் மாவுச்சத்து. சாமை என்றால் சுமார் 49 கிராம். வித்தியாசம் 10 கிராம்தான்.

கீட்டோவில் ஒரு நாள் முழுக்க அனுமதி 20 முதல் 50 கிராம். ஆக, ஒரே ஒரு வேளை சாமைச் சோறு அன்றைய மொத்தக் கணக்கையும் முடித்துவிடும். சாமை லோ கார்ப் உணவு அல்ல. அது நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதலாக உள்ள தானியம். அவ்வளவுதான். இதைச் சொல்வதால் சாமையின் மதிப்பு குறைந்துவிடாது. சாமை வேறு, லோ கார்ப் வேறு என்பதைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

சாமையிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தவிடு போகாமல் உமி மட்டும் நீக்கிய சாமை கொஞ்சம் பழுப்பு நிறத்தில் இருக்கும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று நன்றாகத் தீட்டினால் வெள்ளையாகிவிடும். தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடும். மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால், முழுத் தானியமாகச் சாப்பிடுவதைவிட வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். சாமை பாயசம், சாமை குக்கீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே சொன்ன 2025 இண்டியாப் ஆய்வும் இதையே சொல்கிறது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினாலும், மொத்த மாவுச்சத்தின் அளவு குறையாவிட்டால் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து குறைவாக இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், என்ன தானியம் என்பதைவிட எவ்வளவு தானியம், பக்கத்தில் என்ன என்பதே முக்கியம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எடை விஷயத்தில்: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 12 மாதம் கவனித்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ குறைந்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ. இது பெரிய வித்தியாசம் இல்லை என்பதே 2018-ல் வெளியான முடிவு. 61 ஆய்வுகளை ஒன்றாக அலசிய 2022-ம் ஆண்டு 'காக்ரன்' அறிக்கையும், லோ கார்ப் டயட்டுக்கும் சமச்சீர் டயட்டுக்கும் எடைக் குறைப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்றது.

சர்க்கரை விஷயத்தில்: இங்கே லோ கார்ப்புக்கு நல்ல மார்க். 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் பி.எம்.ஜே. இதழில் வெளியான கட்டுரைப்படி, 6 மாதம் லோ கார்ப்பில் இருந்த இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் 57 சதவீதம் பேருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு 6.5-க்குக் கீழே இறங்கியது. மற்ற டயட்டில் இருந்தவர்களில் இது 31 சதவீதம். ஆனால் 12 மாதம் ஆகும்போது இந்த லாபம் சுருங்கிப்போனது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தொடர்ந்து கடைப்பிடிப்பது கஷ்டம்.

ஆயுள் விஷயத்தில்: அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்டோரை சுமார் 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்தது. மாவுச்சத்து 50 முதல் 55 சதவீதம் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் மிகக் குறைவு. 40 சதவீதத்துக்குக் கீழே போனவர்களுக்கும் அதிகம், 70 சதவீதத்துக்கு மேலே போனவர்களுக்கும் அதிகம். சோற்றுக்குப் பதில் இறைச்சி வைத்தவர்களைவிட பருப்பு, கொட்டை போன்ற தாவர உணவு வைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். இது மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வு என்பதால் நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியர்களுக்கு என்ன அளவு? 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து 2022-ல் வெளியான இண்டியாப் ஆய்வு, நீரிழிவு கட்டுக்குள் வர மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்து, புரதத்தை 19, 20 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று மதிப்பிட்டது. ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதாவது கீட்டோ அளவுக்கு இறங்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

என்னென்ன ஆபத்து?

முதல் சில நாட்கள்: தலைவலி, சோர்வு, எரிச்சல், தலைசுற்றல். இதை 'கீட்டோ ஃப்ளூ' என்பார்கள். தண்ணீரும் உப்புச்சத்தும் வேகமாக வெளியேறுவதே முக்கியக் காரணம்.

மலச்சிக்கல்: தானியத்தோடு நார்ச்சத்தும் போய்விடுவதால் வரும். காய்கறியும் கீரையும் சாப்பிடாமல் முட்டை, கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது நிச்சயம்.

கெட்ட கொழுப்பு: லோ கார்ப்பில் டிரைகிளிசரைடு குறைவதும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஏறுவதும் வழக்கம். ஆனால் வெண்ணெய், நெய், கொழுப்புள்ள கறி அதிகமானால் சிலருக்கு எல்.டி.எல். தாறுமாறாக ஏறும். இது மாரடைப்பு அபாயத்தோடு தொடர்புள்ளது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

சிறுநீரகம்: நீண்ட நாள் கீட்டோவில் சிறுநீரகக் கல் வருவது குழந்தைகளின் வலிப்புச் சிகிச்சையிலேயே பதிவாகியுள்ளது. ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதிகப் புரதம் சுமை.

பித்தப்பைக் கல்: எந்த டயட்டாக இருந்தாலும் மிக வேகமாக எடை குறைந்தால் இதற்கு வாய்ப்பு உண்டு.

2020 அக்டோபரில் 27 வயது நடிகை மிஷ்டி முகர்ஜி சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தபோது, கீட்டோ டயட்தான் காரணம் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஒரு தனி மரணத்தை வைத்து டயட்தான் கொன்றது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால், தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது என்பது மட்டும் உறுதி.

சர்க்கரை மாத்திரை போடுபவர்களே, இதை மட்டும் தவறாமல் படிங்க

லோ கார்ப்பில் உடனடி ஆபத்து அதிகம் இருப்பது இவர்களுக்குத்தான்.

ஒன்று, சர்க்கரை தாழ்ந்துபோவது. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அந்த மருந்தின் அளவு, நீங்கள் சாப்பிடும் சோற்றைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். அந்த நேரத்தில் டயட் பார்க்கக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இரண்டு, கீட்டோ அமில நோய். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இந்தியாவில் 2020 அக்டோபரில் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து, விலை குறைந்த மாத்திரைகள் வந்தன. இப்போது பலர் இதை எடுக்கிறார்கள். இந்த மாத்திரையோடு கீட்டோவும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அளவுக்கு மீறிச் சேர்ந்து ரத்தமே அமிலமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதமே இந்த மாத்திரைகளால் வரும் கீட்டோ அமில நோய் பற்றி எச்சரித்தது.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், வழக்கமாக இந்த நோயில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும். ஆனால் இந்த வகையில் குளுக்கோமீட்டர் 200-க்குக் கீழேகூடக் காட்டலாம். "சுகர் நார்மலாத்தானே இருக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு இருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குப் போங்க. எந்த மாத்திரை எடுக்கிறீர்கள், என்ன டயட்டில் இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் அங்கே சொல்லுங்க.

மூன்று, ரத்த அழுத்தம். உடம்பில் தண்ணீர் குறைவதால் பி.பி. தாழலாம். ஏற்கெனவே பி.பி. மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை தர வரும் பணியாளரிடம் "நான் சோத்தைக் குறைக்கப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதோ, பாதியாக உடைத்துப் போடுவதோ வேண்டாம்.

யாரெல்லாம் தொடவே கூடாது?

- கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். பாலூட்டும்போது கடும் லோ கார்ப்பில் இருந்த சிலருக்குக் கீட்டோ அமில நோய் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.
- குழந்தைகள், வளரிளம் பருவத்தினர். மருத்துவர் வலிப்புக்காகச் சொன்னால் மட்டும் விதிவிலக்கு.
- முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள்.
- சிறுநீரகம், கல்லீரல், கணையப் பாதிப்பு உள்ளவர்கள்.
- ஏற்கெனவே எடை குறைவாக, ரத்தசோகையோடு இருப்பவர்கள்.
- சாப்பாட்டைப் பற்றிய பயமோ, சாப்பிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ இருந்தவர்கள்.

அப்போ தட்டை எப்படி மாத்தலாம்?

மலையில் சாமைச் சோற்றோடு அவரை, மொச்சை, கொள்ளு, கீரை என்று நிலத்தில் கூடவே விளைந்தவையும் சேர்ந்தன. பகல் முழுக்கக் காட்டில் வேலை செய்தவர்களின் சாப்பாடு அது. நாம் அதிலிருந்து தானியத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, பருப்பையும் உழைப்பையும் மலையிலேயே விட்டுவிட்டோம்.

அதைச் சரிசெய்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். செலவும் அதிகமில்லை.

- தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி, பனீர் ஏதாவது ஒன்று. மீதிக் கால் பங்கில் மட்டும் சோறு. அது அரிசியோ சாமையோ உங்கள் இஷ்டம்.
- சோற்றைக் குறைத்த இடத்தை வெறுமனே விடாதீங்க. கொள்ளு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. கொள்ளு ரசம் குடித்தால் மட்டும் போதாது, வேகவைத்த கொள்ளைச் சுண்டலாகச் சாப்பிட்டால்தான் புரதம் கிடைக்கும்.
- காலை இட்லி 5 என்றால் 3 ஆக்கி, கூடவே 2 முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்க.
- முதலில் குறைக்க வேண்டியது சோறு அல்ல. சர்க்கரை போட்ட டீ, கூல் டிரிங்க்ஸ், பிஸ்கட், பரோட்டா.
- சாமை வாங்கினால் ரொம்ப வெள்ளையாக இல்லாததைப் பார்த்து வாங்குங்க. அளந்து போடுங்க.

இதற்கு மேலும் கடுமையான லோ கார்ப்பில் போக வேண்டும் என்று நினைத்தால், தொடங்கும் முன் செய்ய வேண்டியவை: மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின், கல்லீரல் செயல்பாடு, யூரிக் அமிலம் பரிசோதனை. மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றி எழுதி வாங்குவது. 3 மாதம் கழித்து அதே பரிசோதனைகள் மறுபடி. எல்.டி.எல். ஏறியிருந்தால் டயட்டை மாற்ற வேண்டும், "போகப் போகச் சரியாகிடும்" என்று விடக் கூடாது.

கேள்வி - பதில் சுருக்கமாக

சாமை சாப்பிட்டா எடை குறையுமா? அளவு குறைந்தால் குறையும். அரிசி சாப்பிட்ட அதே அளவு சாப்பிட்டால் குறையாது.

லோ கார்ப்பில் எடை குறையுமா? குறையும். மற்ற டயட்டைவிடப் பெரிய வித்தியாசம் ஓராண்டு முடிவில் இருக்காது.

சர்க்கரை நோய் குணமாகுமா? சிலருக்கு மாத்திரை இல்லாமலே கட்டுக்குள் வரலாம். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். அதனால் 'குணம்' என்று சொல்வதில்லை.

எவ்வளவு நாள் இருக்கலாம்? வாழ்நாள் முழுக்கச் சாப்பிட முடியாத ஒன்றை மூன்று மாதம் மட்டும் சாப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது? உங்கள் மருத்துவரை. இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ஐ அழைக்கலாம்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருந்து எடுப்பவர்கள் உணவு முறையை மாற்றும் முன் மருத்துவரைப் பாருங்கள்.)